என் சரக்கு நனையவே இல்லை, நான் ஏன் கட்ட வேண்டும்?

தம்புச் செட்டித் தெருவில் மரைன் கிளெய்ம் வேலை பார்ப்பவன் நான். ஜெனரல் ஆவரேஜ் (ஜி.ஏ.), அதாவது கப்பலையும் சரக்கையும் காப்பாற்றச் செய்த பலியையும் செலவையும் எல்லாரும் பங்கு போட்டுச் சுமப்பது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

மண்ணடி, பிளைவுட் வியாபாரி: கப்பலில் தீ. என் கன்டெய்னருக்கு ஒன்றும் ஆகவில்லை. டெலிவரி ஆர்டர் கேட்டால் ஜி.ஏ. டெபாசிட் கட்டு என்கிறார்கள். இது நியாயமா?

நியாயம்தான் அண்ணே. எல்லார் பொருளையும் காப்பாற்றத் தெரிந்தே ஒருவர் பொருளைப் பலி கொடுத்தால், அந்த நஷ்டம் அவர் தலையில் மட்டும் விடியக் கூடாது. காசிமேட்டில் டீசல், ஐஸ் செலவைப் பொதுவில் கழித்துவிட்டுத்தானே பங்கு பிரிக்கிறார்கள்? அதே வழிதான். கப்பல் 60 கோடி, சரக்கெல்லாம் சேர்த்து 40 கோடி, பலி கொடுத்தது 5 கோடி என்று வையுங்கள். நூற்றுக்கு 5. உங்கள் சரக்கு 20 லட்சம் என்றால் பங்கு 1 லட்சம். கடலில் தள்ளியது 40 லட்சம் சரக்கு என்றால் அவருக்கும் 38 லட்சம்தான் வரும். அதே 5 சதவீதத்தை அவரும் சுமக்கிறார்.

காலடிப்பேட்டை: எரிந்த சரக்கும் இதில் சேருமா?

சேராது. தீயை அணைக்க அடித்த தண்ணீரில் கெட்டது சேரும். புகையிலும் சூட்டிலும் கெட்டது, ஜி.ஏ.வுக்கான உலகப் பொது விதியான யார்க்-ஆண்ட்வெர்ப் விதிப்படி, சேராது. திருவொற்றியூரில் கன்டெய்னர்களைத் திறந்து சரக்கை இறக்கும் கிடங்கான சி.எஃப்.எஸ்ஸில் ஒரு கன்டெய்னரைத் திறந்தோம். கதவோரத்துப் பெட்டிகள் கருகியிருந்தன. நடுவில் இருந்தவை தண்ணீரில் ஊறி, விரல் வைத்தால் அட்டை பிதுங்கியது. பின்னால் இருந்தவற்றில் புகை நாற்றம் மட்டும். ஒரே பார்ட்டி, மூன்று கணக்கு. பிரித்து அடுக்கிப் போட்டோ எடுக்காமல் ஒரு பெட்டியையும் நகர்த்தாதீர்கள்.

தண்டையார்பேட்டை: இன்சூரன்ஸ் எடுக்கவில்லை.

பணமாகவே டெபாசிட் கட்ட வேண்டிவரும். 2018-இல் மார்ஸ்க் ஹோனம் கப்பல் தீயில் மீட்புக் கூலிக்கும் ஜி.ஏ.வுக்குமாகச் சரக்கு மதிப்பில் 54 சதவீதம் ஈடு கேட்டார்கள். பாலிசி இருந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியே கியாரண்டி கொடுக்கும். மலிவான 'சி' வகைச் சரக்கு பாலிசியிலும் ஜி.ஏ. உண்டு. தயவுசெய்து எடுங்கள்.

ராயபுரம்: தப்பு கப்பல்காரர் மேல் என்றால்?

பங்குக் கணக்கு தப்பைப் பார்க்காது. ஆனால் புறப்படும்போதே கப்பல் தகுதியில்லாமல் இருந்தது என்று தெரிந்தால் பங்கு தர மறுத்து வழக்காடலாம்.

ராயபுரம், மறுபடியும்: முதலில் கட்டு, அப்புறம் சண்டை போடு என்பது சின்ன வியாபாரியை நசுக்குவதுதானே?

உங்கள் கோபம் சரி. ஈடு வரும்வரை சரக்கைப் பிடித்து வைக்கக் கப்பல்காரருக்கு உரிமை உண்டு. கன்டெய்னரைத் தாமதமாகத் திருப்புவதற்கான டிடென்ஷன் கட்டணம் ஓடுவதோ நம் கணக்கில். இந்த இடத்தில் விதி பலவீனமானவருக்குப் பாதகம்தான். இன்சூரன்ஸ் இருந்தால் அந்தச் சண்டையை இன்சூரன்ஸ் கம்பெனி போடும்.

எண்ணூர்: என் சரக்கு நல்லாயிருக்கு, ஏன் கட்டணும்?

முதல் பதிலைப் படியுங்கள்.

மணலி: டூட்டி திரும்பக் கிடைக்குமா?

அது கஸ்டம்ஸ் விஷயம். உங்கள் கிளியரிங் ஏஜென்டைக் கேளுங்கள்.

வண்ணாரப்பேட்டை: ஜி.ஏ. பங்கைத் தருகிறேன் என்ற பாண்டில் இன்றே கையெழுத்து கேட்கிறார்கள்.

இன்சூரன்ஸ்காரரிடம் பேசாமல் போடாதீர்கள். பி.எல். (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது), இன்வாய்ஸ், பாலிசி மூன்றையும் இப்போதே அவருக்கு அனுப்புங்கள்.