வாசகர் கேள்வி பதில்: பானட்டுக்கு அடியில் எவ்வளவு தண்ணீர்?

கேள்வி: 8 ஆண்டுகளாக ஓடும் பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். பானட்டைத் திறந்தால் எஞ்சின் முழுவதும் எண்ணெயும் புழுதியும் அப்பிக் கிடக்கின்றன. வாட்டர் சர்வீஸ் கடையில் பம்பு வைத்து அடித்துத் தருவதாகச் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரோ டீசல் தெளித்துத் துடைத்தால் பளபளக்கும் என்கிறார். வீட்டிலேயே பாதுகாப்பாகச் சுத்தம் செய்ய முடியுமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: முடியும். ஆனால் நீங்கள் குறிப்பிட்டுள்ள இரண்டு வழிகளும் வேண்டாம்.

டீசலும் மண்ணெண்ணெயும் பிசுக்கைக் கரைப்பது உண்மைதான். கூடவே ரேடியேட்டர் ஹோஸ் போன்ற ரப்பர் பாகங்களை ஊறவைத்து உப்பச் செய்துவிடும், அதோடு மிச்சமிருக்கும் எண்ணெய்ப் படலம் ஒரே வாரத்தில் புதிய புழுதியை இழுத்துக்கொள்ளும். சைலன்சருக்குப் போகும் குழாயின் தொடக்கப் பகுதி எஞ்சின் ஓடும்போது பல நூறு டிகிரி சூடேறும் என்பதால், அதன் அருகில் எரிபொருள் ஈரம் இருப்பது தீ விபத்துக்கு வழி. பெட்ரோலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நம் ஊர் வெயிலில் அதன் ஆவிக்கு ஒரு சிறு பொறி போதும். பம்பு வைத்து அடிப்பதில் வேறு சிக்கல். சாதாரண மழைநீர் நுழையாத ஒயர் கனெக்டர்களுக்குள்ளும் அந்த அழுத்தத்தில் தண்ணீர் புகுந்துவிடும். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளும் மடங்கிப்போகும்.

காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது வேலையைத் தொடங்குங்கள். சூடான எஞ்சினில் குளிர்ந்த நீர் பட்டால் உலோகப் பாகங்களில் விரிசல் விழ வாய்ப்புண்டு. சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுழலத் தொடங்கும் என்பதால் விரலுக்கும் ஆபத்து. ஆகவே பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிடுவது நல்லது. கழற்றும்போது நெகட்டிவ் முனையை முதலிலும், மாட்டும்போது அதைக் கடைசியிலும் கையாள வேண்டும். வரிசை மாறினால், பாசிட்டிவ் முனையில் இருக்கும் ஸ்பேனர் பாடியில் பட்டதும் தீப்பொறி பறக்கும். உங்களுடையது ஹைப்ரிட் வண்டியாக இருந்தால் ஆரஞ்சு நிறத் தடித்த ஒயர்களை நெருங்கவே வேண்டாம்.

அடுத்து, மெக்கானிக்குகள் டைனமோ என்று சொல்லும் ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பாக்ஸ், கம்ப்யூட்டர் பெட்டி, காற்று உறிஞ்சும் குழாயின் வாய், இக்னிஷன் காயில்கள் ஆகியவற்றைப் பாலித்தீன் பையால் மூடி ரப்பர் பேண்ட் போடுங்கள். காயில்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். அவற்றின் கீழே ஸ்பார்க் பிளக் அமர்ந்திருக்கும் குழிக்குள் தண்ணீர் தேங்கினால், மறுநாள் வண்டி மிஸ்ஸிங் அடித்துக் குலுங்கும். ஆயில் மூடியும் டிப்ஸ்டிக்கும் இறுக்கமாக இருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள்.

முதலில் உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் சருகையும் மணலையும் தள்ளுங்கள். அதன்பின், எதையும் தெளிப்பதற்கு முன்பாக ஒரு நிமிடம் நின்று, அழுக்கு எங்கே அதிகம் என்று கவனியுங்கள். சமமாகப் படிந்திருப்பது வெறும் புழுதி, ஓரிடத்தில் மட்டும் கருப்புக் களிம்பாகத் திரண்டிருந்தால் அதற்கு மேலே எங்கோ எண்ணெய்க் கசிவு இருக்க வாய்ப்புண்டு. 8 வயது வண்டியில் பெரும்பாலும் டேப்பெட் கவர் (எஞ்சினின் மேல் மூடி) பேக்கிங் இறுகிப்போய் அதன் விளிம்பிலிருந்துதான் கசியும். துடைப்பதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துவைத்து, ஒரு வாரம் ஓட்டியபின் அதே இடத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். என்னைக் கேட்டால், எஞ்சினைச் சுத்தம் செய்வதன் பெரிய பயனே இதுதான், பளபளப்பு அடுத்தபடிதான்.

தண்ணீரில் கரையும் வகை டிகிரீசரை, அதாவது பிசுக்கு நீக்கும் திரவத்தை, பிசுக்குள்ள இடங்களில் மட்டும் தெளித்து, சில நிமிடம் ஊறவிட்டு, காயும் முன்பே பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, ஈரமான பனியன் வேஸ்ட்டால் இரண்டு மூன்று முறை ஒற்றியெடுங்கள். அலசியே ஆக வேண்டிய இடத்துக்குக் கையால் அமுக்கும் ஸ்பிரே பாட்டில் போதும். பெல்ட்டில் டிகிரீசரோ, கடையில் விற்கும் பளபளப்பு ஸ்பிரேயோ படவே கூடாது. பெல்ட் வழுக்கிக் கீச்சிடும். அடியில் அட்டைகளை விரித்துவைத்தால் எண்ணெய் நீர் மழைநீர் வடிகாலிலோ செடிகளுக்கோ போகாது.

பேட்டரி முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து தொட்டுத் தேயுங்கள். நுரைத்து அடங்கியதும் துடைத்துவிட்டு, முனைகளை மாட்டிய பிறகு மேலே வாஸ்லின் தடவலாம். கையுறையும் கண்ணாடியும் அவசியம். பேட்டரிக்குள் அந்தக் கலவை போய்விடக் கூடாது.

எல்லாம் முடிந்தபின் பைகளை எடுத்துவிட்டு, பானட்டைத் திறந்தபடியே ஓரிரு மணி நேரம் காயவிடுங்கள். பிறகு பேட்டரியை இணைத்து, திறந்த வெளியில் 10 நிமிடம் ஐடிலில் ஓடவிடுங்கள். எஞ்சின் விளக்கு எரிந்தாலோ குலுங்கினாலோ உடனே அணைத்துவிட்டு, காயில் பகுதியில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: பானட்டுக்குள் எலி கூடு கட்டியிருக்கிறது. கூட்டை எடுத்துவிட்டு வண்டியை ஓட்டலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஸ்டார்ட் செய்யாதீர்கள். கூட்டிலுள்ள வைக்கோலும் துணியும் சூடான குழாயில் பட்டால் பற்றிக்கொள்ளும். முகக்கவசமும் கையுறையும் அணிந்து, எலிப் புழுக்கையைக் கிருமிநாசினியால் நனைத்துவிட்டு அள்ளுங்கள். உலர்ந்த நிலையில் பெருக்கினால் தூசி மூக்கில் ஏறும். ஒயர்களின் மேலுறை கடிபட்டிருந்தால் டேப் சுற்றிச் சமாளிக்காமல், ஆட்டோ எலக்ட்ரீஷியனை வீட்டுக்கே அழைத்துக் காட்டிவிட்டு வண்டியை எடுங்கள்.