மைக்ரோவேவ் அடுப்பைப் பெரிதாக்கினால் போதாதா?

கேள்வி: வீட்டு மைக்ரோவேவ் அடுப்பே ஆயிரம் வாட் தருகிறது. அணுப்பிணைவு உலையைச் சூடாக்கும் மில்லிமீட்டர் அலைக்கும் அடுப்பில் அலையை உண்டாக்கும் அதே மேக்னட்ரான் குழாயைப் பெரிதாகச் செய்துகொள்ளலாமே, ஜைரோட்ரான் என்று தனியாக ஒன்று எதற்கு?

பதில்: பெரிதாகச் செய்தால் அலையும் நீண்டுவிடும், வம்பே அதுதான். அடுப்பின் அலைநீளம் 12 செ.மீ. பிரான்ஸில் கட்டிவரும் ஈட்டர் உலைக்குத் தேவை 170 கிகாஹெர்ட்ஸ், அதாவது 1.76 மி.மீ. மேக்னட்ரானுக்குள் அலை உருவாகும் குழிகள் அலைநீளத்துக்கு ஏற்பச் சுருங்கியாக வேண்டும். கடுகளவு செப்புக் குழிக்குள் பத்து லட்சம் வாட்டை உண்டாக்கப் பார்த்தால் செம்பு உருகி ஓடிவிடும்.

இதற்கு வழி கண்டவர்கள் சோவியத் ஒன்றியத்தின் கோர்க்கி நகர ஆய்வாளர்கள்; முதல் ஜைரோட்ரான் 1964-இல் ஓடியது. சுமார் 80,000 வோல்ட்டில் முடுக்கிய எலக்ட்ரான்களை, ஏறக்குறைய 7 டெஸ்லா காந்தப்புலத்தில் சுருள் சுருளாகச் சுற்றவிடுகிறார்கள். அதிர்வெண்ணை முக்கியமாக அந்தச் சுழற்சி வேகம் பார்த்துக்கொள்வதால், குழி அலைநீளத்தைப் போலப் பல மடங்கு அகலமாக இருக்கலாம், சூடும் பரவிப்போகும். சரி, தாறுமாறாகச் சுற்றும் எலக்ட்ரான்கள் ஒன்றுசேர்ந்து அலையை எப்படி வளர்க்கும்? எனக்கு இதில் மிகவும் பிடித்த இடமே இதுதான். ஆற்றல் கூடிய எலக்ட்ரான் ஐன்ஸ்டீன் சொன்னபடி கனத்துப்போய் மெதுவாகச் சுற்றுகிறது, ஆற்றல் இழந்ததோ வேகமெடுக்கிறது, கடைசியில் எல்லாம் ஒரு பக்கமாகக் கொத்தாகித் தங்கள் ஆற்றலை அலையிடம் கொடுத்துவிடுகின்றன.

ஆனாலும் பாதி மின்சாரம்தான் அலையாகும். மீதிச் சூட்டைத் தண்ணீர் ஓட்டித்தான் வெளியேற்ற வேண்டும். எலக்ட்ரான் கற்றை ஒரே இடத்தில் விழுந்தால் உலோகம் ஓட்டையாகிவிடும் என்பதால், அதைக் கடைசியில் வாங்கிக்கொள்ளும் சேகரிப்பானின் சுவரில் மேலும் கீழும் காந்தத்தால் அலையவிடுகிறார்கள்.

கேள்வி: அலை வெளியேறும் ஜைரோட்ரானின் ஜன்னல் வைரமாமே, இது என்ன பகட்டு?

பதில்: பகட்டில்லை, வேறு வழியில்லை. குழாய்க்குள் வெற்றிடம், வெளியே காற்று, நடுவில் அத்தனை சக்தியும் ஒரு தகட்டைத் தாண்டிப் போகவேண்டும். வைரம் அலையை மிகக் கொஞ்சமாகவே உறிஞ்சும், உறிஞ்சியதையும் செம்பைவிட நான்கைந்து மடங்கு வேகமாக ஓரத்துக்குக் கடத்திவிடும். ஆய்வகத்தில் வளர்த்த வட்டத் தகடு அது, அகலம் 10 செ.மீ.க்குச் சற்று மேல். தடிமன் 1.85 மி.மீ., அதாவது வைரத்துக்குள் சுருங்கிய அலைநீளத்தைப் போலச் சரியாக இரண்டரை மடங்கு. அந்தக் கணக்கு பிசகினால் அலையில் ஒரு பகுதி பிரதிபலித்து, வந்த வழியே குழாய்க்குள் திரும்பிவிடும்.