வீட்டை அடகு வைக்க வேண்டாம், அம்மா

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

மலேசியாவில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். தேர்வில் நல்ல தேர்ச்சி பெற்றும் மகளுக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ இடம் கிடைக்காதது வருத்தம்தான். ஆறுதலை இந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறேன். வீட்டை அடகு வைத்து, கணவரின் சேமநிதியையும் எடுத்துத் தனியார் கல்லூரியில் சேர்த்துவிடலாம் என்கிறாராம் உங்கள் அண்ணன். கூடவே கூடாது. அந்தப் படிப்பின் செலவு மூன்று லட்சம் ரிங்கிட்டை எளிதாகத் தாண்டும். 2016 இறுதியிலிருந்து பயிற்சி மருத்துவர்களை அரசு ஒப்பந்த அடிப்படையில்தான் நியமிக்கிறது. அதை எதிர்த்து 2021 ஜூலையில் அவர்கள் மருத்துவமனைகளிலிருந்து வெளிநடப்புச் செய்ததை அண்ணனும் செய்தியில் பார்த்திருப்பார். கடனைக் கட்டப்போவது அவரல்ல.

போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒன்றுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. மருத்துவத்துக்குப் பதில் பேச்சு சிகிச்சை படிக்கட்டும் என்று நான் சொல்வதும் அதனால்தான். பக்கவாதத்தில் பேச்சிழந்த தாத்தாவுக்கு எந்தச் சொல் வருகிறது, எது தடுக்கிறது என்று மகள் நோட்டில் குறித்துவைக்கிறாள். தன் பெயரையே சொல்ல முடியாதவர் தேவாரத்தை வரி பிசகாமல் பாடுகிறார் என்று கவனித்தவளும் அவள்தான்.

தாத்தாவுக்கு வந்திருப்பது அஃபேசியா. பக்கவாதம் கண்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது வருகிறது. பெரும்பாலும் மூளையின் இடப்பக்கச் சேதத்தால் மொழி குலைகிறது. அறிவு மழுங்கிவிட்டதாக உறவினர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பேச முடியாதவரும் பாடுவதைப் பார்த்து, பாஸ்டன் ஆய்வாளர்கள் 1973-இல் ஒரு சிகிச்சையை வகுத்தார்கள். நோயாளியின் இடக்கையைத் தட்டியபடியே சிறு தொடர்களை ராகமாகச் சொல்லவைத்து, பிறகு ராகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றுவார்கள். பாடினால் பேச்சு தானாகத் திரும்பிவிடாது; பாட்டிலிருந்து பேச்சுக்கு அழைத்து வருவதுதான் பேச்சு சிகிச்சையாளரின் தொழில். "ஆறு மாதம் போய்விட்டது, இனி வராது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாரம் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் மூன்று வாரம் பயிற்சி கொடுத்தால் பழைய அஃபேசியாவிலும் அன்றாடப் பேச்சு மேம்படுகிறது என்று 2017-இல் ஜெர்மனியில் நடந்த ஆய்வு காட்டியது.

ஆராய்ச்சிக்கும் இங்கே நிறைய இடம் இருக்கிறது. படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லச் சொல்லும், உலகெங்கும் புழங்கும் பாஸ்டன் பெயர்ச் சோதனையில் இக்லூ என்ற பனிவீடு, பிரெட்சல் என்ற முறுக்கு ரொட்டி போன்ற படங்களெல்லாம் வரும். ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய தாத்தா அவற்றுக்குப் பெயர் சொல்லவில்லை என்றால் குறை யாருடையது? ஒரே வாக்கியத்தில் தமிழும் மலாயும் கலந்து பேசிய மனிதருக்கு எந்த மொழி முதலில் திரும்பும்? சொல்லோடு ஒட்டும் வேற்றுமை உருபுகள் எப்படி உதிர்கின்றன? தமிழ் தெரிந்த சிகிச்சையாளர்தான் இவற்றைச் சரியாகக் கேட்க முடியும்.

கோலாலம்பூரில் தேசியப் பல்கலைக்கழகம் 1995-இல் பேச்சு சிகிச்சைப் படிப்பைத் தொடங்கியது; நான்கு ஆண்டு. கிளந்தானின் குபாங் கெரியானில் யூ.எஸ்.எம். என்ற மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், குவாந்தானில் அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம் ஆகியவற்றிலும் உண்டு. அரசுப் பல்கலைக்கழகக் கட்டணத்தை பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்விக் கடனிலேயே சமாளிக்கலாம். கிளந்தான் தூரம் என்று தயங்காதீர்கள்; வீட்டை இழப்பதைவிடத் தூரம் பெரிதில்லை. இதிலும் அரசு வேலை உறுதி கிடையாது, அதை மறைக்க மாட்டேன். விழுங்கச் சிரமப்படும் நோயாளிகளையும் இவர்கள்தான் பார்க்கிறார்கள் என்பதால் மருத்துவமனையில் வேலை பேச்சோடு நிற்பதில்லை. பட்டதாரிகள் பலர் குழந்தைகளுக்கான தனியார் மையங்களுக்குப் போய்விடுகிறார்கள்; முதியவர்களுக்கு ஆள் போதவில்லை.

கல்லூரிக்கு முன்பணம் எதுவும் கட்டாதீர்கள். பினாங்கில் நாசாம் என்ற தேசியப் பக்கவாதச் சங்கத்தின் மறுவாழ்வு மையம் இருக்கிறது. முன்கூட்டியே அனுமதி கேட்டு, மகளை ஒரு காலைப்பொழுது அங்கே உட்கார்ந்து பார்க்கவிடுங்கள். நோட்டையும் எடுத்துப்போகச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் முடிவை அவளே சொல்லட்டும். அதுவரை அண்ணனின் தொலைபேசி அழைப்புகளுக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான், அவளல்ல.