பழைய குழுவைப் பூட்டாதீர்கள், புதிய சர்வரை விசாரியுங்கள்

வணக்கம். ரெடிட் விவாதத் தளத்தில் நீங்கள் நடத்தும் தோட்டக்கலைக் குழுவை லெம்மிக்கு (பலர் தனித்தனியே நடத்தும், ஒன்றோடொன்று இணைந்த சர்வர்களில் இயங்கும் விவாதத் தளம்) மாற்றப் போகிறீர்கள், பழையதைப் பூட்டிவிட்டால் எல்லோரும் பின்னால் வருவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். வர மாட்டார்கள். தயவுசெய்து பூட்ட வேண்டாம்.

2023 ஜூன் 12 அன்று, ரெடிட் அறிவித்த புதிய கட்டணத்தை எதிர்த்து, அதன் ஆயிரக்கணக்கான குழுக்கள் ஒன்றாகக் கதவடைத்தன. வெளியார் செயலிகள் ரெடிட்டின் பதிவுகளைப் பெறும் இணைப்பான ஏபிஐ-க்கான கட்டணம் அது. அதனால், ரெடிட்டைப் படிக்க வெளியார் உருவாக்கிய அப்பல்லோ செயலிக்கு மட்டும் ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் ஆகும் என்று அதை உருவாக்கியவர் கணக்குச் சொன்னார். அத்தனை கோபத்துக்கும் ரெடிட் நிறுவனம் அசையவில்லை. திறக்காத குழுக்களின் நிர்வாகிகளை மாற்றுவோம் என்றது. ஜூன் 30-இல் அப்பல்லோ மூடப்பட்டது. 2024 செப்டம்பரிலிருந்து, பொதுக் குழுவைத் தனிக் குழுவாக்கவே நிறுவனத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். சாவி உங்களிடம் இல்லை.

அப்புறம், எந்த சர்வர்? இதில்தான் நிதானம் வேண்டும். பெரிய லெம்மி சர்வர்களில் ஒன்றான லெம்.ஈ 2025 ஜூனில் மூடப்பட்டது, நடத்தியவர்கள் களைத்துப்போனதால். லெம்மியில் ஒரு குழுவை அதன் பதிவுகளோடு வேறு சர்வருக்குத் தூக்கிச் செல்ல வழி கிடையாது. அதனால் நிர்வாகிகள் எத்தனை பேர், செலவை யார் தருகிறார்கள், காப்புநகல் எடுக்கிறார்களா, எந்தெந்த சர்வர்களோடு தொடர்பைத் துண்டித்திருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். ஸ்டார் ட்ரெக் குழுவின் நிர்வாகிகள் தங்களுக்கென்றே ஒரு சர்வர் தொடங்கினார்கள். பராமரிக்க ஆள் இருந்தால் அதுவே நல்ல வழி.

பழைய குழுவில் புதிய முகவரியை மேலே ஒட்டி வையுங்கள். உரம், பூச்சி பற்றிய நல்ல பதிவுகளை, எழுதியவரிடம் கேட்டு, புதிய இடத்தில் முதலில் போடுங்கள். தினமும் பதில் சொல்ல நாலைந்து பேரை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.