மென்பொருள் 12 என்று சொன்னால் அதற்கு என்ன பொருள்?

கேள்வி: தடய அறிவியலில் முதுகலை படிக்கிறேன். ஆய்வேட்டுக்காக, ஐம்பது பேர் பணிபுரியும் ஓர் அலுவலகத்துக்கு வந்த தமிழ் மொட்டைக் கடிதத்தையும் அங்குள்ள ஒருவரின் மாதிரிக் கையெழுத்தையும் 'ஹேண்ட்ரைட்டர் ஆர்எஃப்' மென்பொருளில் ஒப்பிட்டேன். விடை 12 என்று வந்தது. கடிதத்தை அவரே எழுதியிருக்க 12 மடங்கு வாய்ப்பு உண்டு என்று எழுதலாமா?

பதில்: எழுதக் கூடாது. இரண்டையும் ஒருவரே எழுதியிருந்தால் அவற்றின் ஒற்றுமைக்கு மென்பொருள் இட்ட மதிப்பெண் கிடைப்பதற்கான வாய்ப்பு, வெவ்வேறு இருவர் எழுதியிருந்தால் கிடைப்பதற்கான வாய்ப்பைப் போல 12 மடங்கு என்பதே அந்த எண்ணின் பொருள். அவர்தான் எழுதினாரா என்பதற்கான நிகழ்தகவு அதுவன்று. ஐம்பது பேரில் எவரும் சம வாய்ப்புடன் எழுதியிருக்கலாம் என்று வைத்துக்கொண்டால், தொடக்கத்தில் அவர் எழுதியிருப்பதற்கும் வேறொருவர் எழுதியிருப்பதற்கும் உள்ள விகிதம் 1-க்கு 49. அதை 12-ஆல் பெருக்கினால் 12-க்கு 49, அதாவது ஏறத்தாழ 20 விழுக்காடு மட்டுமே. இந்த வேறுபாட்டைத் தவறவிட்டு ஒருவர்மீது பழி விழுந்தால் அதைத் துடைப்பது எளிதன்று என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உங்கள் ஆய்வில் இதைவிட அடிப்படையான சிக்கல் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சி-சேஃப் ஆய்வு மையம் 'ஆர்' என்னும் நிரல்மொழியில் உருவாக்கிய இம்மென்பொருள், மைக்கோடுகளை ஒரு பிக்சல் அகலத்துக்கு மெலியவைத்து, எழுத்தளவிலான துண்டுகளாக உடைத்து, ஒவ்வொன்றையும் முன்பே வகுத்துவைத்த வடிவத் தொகுதிகளுள் மிக நெருங்கியதில் சேர்க்கிறது. பிறகு எந்தத் தொகுதியில் எத்தனை விழுக்காடு துண்டுகள் விழுந்தன என்பதை இரு ஆவணங்களுக்கும் ஒப்பிடுகிறது. அத்தொகுதிகள் லத்தீன் எழுத்துகளில் எழுதியவர்களின் கையெழுத்திலிருந்து பிறந்தவை. அம்மையம் முதலில் வெளியிட்ட தரவுத்தளம்கூட 90 பேர் மூன்று அமர்வுகளில் ஆங்கிலத்தில் எழுதிய 2,430 பக்கங்களால் ஆனது. நம் கொம்பும் துணைக்காலும் சுழியும் அங்கே பொருந்தாவிட்டாலும், மென்பொருள் அவற்றை ஏதோ ஒரு தொகுதியில் போட்டுவிட்டு, தயக்கமின்றி ஓர் எண்ணைத் தந்துவிடும். ஆகவே உங்களுக்குக் கிடைத்த 12-க்குத் தமிழ்க் கையெழுத்தைப் பொறுத்தவரை அடித்தளமே இல்லை.

இதைச் சரிசெய்ய வழி உண்டு. ஒரே பத்தியைப் பலரிடம், சில வார இடைவெளி விட்டு மும்முறை, கோடிடாத தாளில் எழுதி வாங்குங்கள். கோடிட்ட தாளாயின் அச்சுக்கோட்டையும் மென்பொருள் மையாகவே எடுத்துக்கொள்ளும். கைபேசிப் படங்களைத் தவிர்த்து, 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அளவில் ஸ்கேன் செய்யுங்கள். அவற்றைக் கொண்டு தமிழுக்கான தொகுதிகளைப் புதிதாக உருவாக்கிப் பயிற்சியளித்த பின், பயிற்சியில் இடம்பெறாதவர்கள் எழுதிய பக்கங்களைக் கொடுத்து, எத்தனை முறை தவறுகிறது என்று கணக்கிடுங்கள். இந்தியாவின் சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 39-ஆம் பிரிவின்கீழ் நிபுணராகச் சாட்சியம் சொல்லும் நாளில், குறுக்கு விசாரணையில் எதிர்கொள்ள வேண்டியது அந்தப் பிழை விகிதத்தைத்தான்.

கோட்டை மெலியவைக்கும்போது பேனாவின் அழுத்தமும், தயங்கிய நடுக்கமும், எழுதியதை மீண்டும் தொட்டுத் திருத்திய தடமும் மறைந்துவிடுகின்றன. போலிக் கையெழுத்தைக் காட்டிக்கொடுப்பவை பெரும்பாலும் இவையே. ஆதலால் நுண்ணோக்கியில் நீங்களே பார்த்த குறிப்புகளை முதலில் எழுதி முடித்துவிட்டு, அதன் பிறகே மென்பொருளைத் திறவுங்கள். எண் முதலில் தெரிந்துவிட்டால், கண் அதற்கேற்பவே தேடத் தொடங்கும்.