பைப் புகையிலையை வருஷக்கணக்கில் வைப்பது எப்படி? டெல்டாவிலிருந்து கேள்விகள்

மன்னார்குடி: அண்ணே, வர்ஜீனியா புகையிலை டின் வந்திருக்கு. ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

வேண்டாம் தம்பி. குளிரில் இலை பக்குவப்படாது. உள்ளறை அலமாரியின் கீழ்த்தட்டு போதும். பரண் கூடாது, சித்திரையில் கொதிக்கும். பிரிக்காத டின் அப்படியே இருக்கட்டும். பிரித்ததை ரப்பர் வளையம் வைத்த சின்னக் கண்ணாடி பாட்டிலுக்கு மாற்றுங்க, ஒன்றில் 50 கிராம்.

திருவாரூர்: எந்த இலை வைத்தால் லாபம்?

வர்ஜீனியா. இயற்கையிலேயே சர்க்கரை அதிகம். வருஷம் ஏற ஏற நாக்குக் கடி, அதாவது புகைக்கும்போது நாக்கில் வரும் எரிச்சல், தணியும். பர்லி என்ற இலையில் சர்க்கரை குறைவு, பெரிதாக மாறாது. லட்டாக்கியா என்பது புகை போட்டு உலர்த்திய இலை, அதன் புகைவாசம் மங்கிவிடும். செர்ரி, வெனிலா எசென்ஸ் போட்டதைச் சீக்கிரம் பிடித்துத் தீர்த்துடுங்க.

வேதாரண்யம்: எங்க ஊர் இலையை வைக்கலாமா? பழசானால் கெடுதலும் குறையுமா சார்?

அது வெற்றிலையோடு மெல்லுவதற்காகப் பாடம் பண்ணினது, பைப்புக்கு ஆகாது. கெடுதல் குறையாது, ருசிதான் மாறும்.

நாகப்பட்டினம்: ஈரத்துக்கு ஆப்பிள் தோல் போடச் சொல்லி வெளிநாட்டு வீடியோவில் பார்த்தேன்.

அவங்க ஊரில் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும், காற்று காய்ந்து கிடக்கும். நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் உப்பு டப்பாவே கசியுது! தோல் போட்டால் பூசணம்தான் பிடிக்கும். அடைமழை நாளில் பாட்டில் நிரப்பவே நிரப்பாதீங்க, திறந்து வைத்த இலை காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மாசியில், வெயில் ஏறின பிறகு செய்யுங்க. ஒரு சிட்டிகையை விரலால் அழுத்தி விடுங்க: கட்டியாக நின்றால் ஈரம் அதிகம், நொறுங்கினால் காய்ந்துவிட்டது, மெல்ல விரிந்தால் பதம்.

கும்பகோணம்: பாட்டிலுக்குள் வெள்ளையாகப் படிந்திருக்கு, பூசணமா?

டார்ச் அடித்துப் பாருங்க. பஞ்சுபோல நூல்நூலாக இருந்து, மக்கல் வாடையும் அடித்தால் பூசணம், பாட்டிலோடு கொட்டிடுங்க. மினுமினுக்கும் படிகம் என்றால் பயமில்லை. சந்தேகம் வந்தாலும் கொட்டுவதே நல்லது; விலையைப் பார்க்காதீங்க.

மயிலாடுதுறை: இலையில் குண்டூசி ஓட்டை, அடியில் பொடி. என்ன ஐயா இது?

புகையிலை வண்டு. மஞ்சள், மல்லி, மிளகாயில் வருமே, அதே செம்பழுப்பு வண்டு. 30 டிகிரி சூடு என்றால் அதுக்குக் கொண்டாட்டம். அந்தப் பாட்டிலை எறிந்துவிட்டு, பக்கத்தில் இருந்ததையெல்லாம் மூடியபடியே ஃபிரீசரில் மைனஸ் 18-இல் ஒரு வாரம் வைங்க. முட்டையும் செத்துவிடும். கரண்ட் அடிக்கடி போனால் இன்னும் சில நாள் விடுங்க. எடுத்த உடனே திறக்காதீங்க, உள்ளே வியர்க்கும், மறுநாள் திறங்க. மளிகை அலமாரியில் வைத்திருந்தால் இடத்தையும் மாற்றிடுங்க.