அம்மாவைப் பற்றி எழுதுவது

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் அம்மா காலமானார். வயது 91. அப்பா முப்பது வருடம் ராணுவத்தில் இருந்தவர், பத்து வருடம் முன்பே போய்விட்டார். அம்மாவின் நினைவுக் கூட்டத்தில் பேசியவர்கள் எல்லோரும் அப்பாவின் பதக்கங்களையும் அவர் வேலை பார்த்த இடங்களையும் பற்றியே பேசினார்கள். அம்மாவைப் பற்றி, 'பொறுமையாகக் காத்திருந்தார்' என்பதோடு சரி. குடும்பத்தாருக்காக அவரைப் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுத ஆசை. ஆனால் எழுத உட்கார்ந்தால் அப்பாவின் மாறுதல் உத்தரவுகள்தான் வரிசையாக வருகின்றன. எங்கே ஆரம்பிப்பது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அம்மாவை இழந்த துயரில் உங்களோடு இருக்கிறேன். 'காத்திருந்தார்' என்ற சொல்லைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. ராணுவத்தார் மனைவி என்றாலே அந்த ஒரு சொல்லோடு முடித்துவிடுகிறோம்.

சிபில் ஸ்டாக்டேல் என்ற அமெரிக்கப் பெண்மணியை நினைத்துக்கொள்கிறேன். கணவர் ஜேம்ஸ் கடற்படை விமானி. 1965 செப்டம்பரில் வட வியட்நாமில் அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. ஏழரை வருடம் சிறை. வீட்டில் நான்கு பையன்கள். 'கைதிகளைப் பற்றி வெளியே பேசாதீர்கள்' என்று அரசு சொல்லிவிட்டது. சிபில் கொஞ்ச காலம் அதற்குக் கட்டுப்பட்டார். அப்புறம் தன்னைப் போன்ற மனைவிமார்களைத் திரட்ட ஆரம்பித்தார். கடற்படை உளவுப் பிரிவோடு சேர்ந்து, கணவருக்குப் போகும் கடிதங்களில் ரகசியச் செய்தி வைத்து அனுப்பினார். பிடிபட்டால் கணவரின் உயிர் போகும் என்று தெரிந்தே செய்தார். 1968ல் துணிந்து பத்திரிகையிடம் பேசினார். மறு வருடம் அரசே கைதிகள் படும் கொடுமையை வெளிப்படையாகப் பேசத் தொடங்கியது. அதே 1969ல் பாரிஸுக்குப் போய் வட வியட்நாம் பிரதிநிதிகளை நேரில் சந்தித்துக் கேட்டார். வீட்டில் கூடிய பெண்களின் கூட்டம் 1970ல் தேசிய அமைப்பாக வளர்ந்தது. இதையா காத்திருப்பது என்பது?

ஜேம்ஸ் 1973 பிப்ரவரியில் விடுதலையானார். இருவரும் சேர்ந்து 1984ல் வெளியிட்ட நினைவு நூலில் அத்தியாயங்கள் மாறி மாறி வரும். ஒன்றில் அவர் சிறையில் இருப்பார், அடுத்ததில் இவர் வீட்டில் இருப்பார். உங்களுக்கும் அந்த வழி உதவும். அப்பாவின் மாறுதல் பட்டியலைத் தூக்கிப் போட வேண்டாம். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே, அன்றைக்கு அம்மா எங்கே இருந்தார், என்ன செய்துகொண்டிருந்தார் என்று எழுதுங்கள். பள்ளிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டது யார்? எந்த மாறுதலுக்காக எந்த வேலையை விட்டார்? அப்பா திரும்பி வந்த மாதங்களையும் விட்டுவிடாதீர்கள். அவர் இல்லாமலே ஓடப் பழகிய வீடு அது. முடிவெடுப்பது இனி யார் என்று இரண்டு பேரும் புதிதாகப் பழகியிருப்பார்கள். அந்தச் சங்கடத்தைப் பிள்ளைகள் பெரும்பாலும் பார்த்திருப்பீர்கள், பேசியிருக்க மாட்டீர்கள்.

அப்பா போன பிறகான பத்து வருடங்களைப் பின்குறிப்பாகச் சுருக்கிவிட வேண்டாம். யாருடைய உத்தரவும் இல்லாமல், எங்கே இருப்பது என்று அவரே தீர்மானித்த காலம் அதுவாகத்தான் இருக்கும். சிபிலும் கணவர் 2005ல் இறந்த பிறகு பத்து வருடம் வாழ்ந்தார். 2015ல் இறந்தபோது வயது 90. அந்த நீண்ட வாழ்வில் சிறைக்காலம் ஏழரை வருடம்தான்.

இன்னொன்று. குவார்ட்டர்ஸில் அம்மாவோடு பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா? இன்னொரு வீட்டுக்குச் சாவுச் செய்தி வந்த இரவில் யார் போய்க் கூட உட்கார்ந்தார்கள், குழந்தைகளை யார் வந்து அழைத்துப் போனார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அம்மா உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். அவர்களுக்கும் இப்போது தொண்ணூறை ஒட்டிய வயதாகியிருக்கும். எழுதுவது அப்புறம் இருக்கட்டும், இந்த வாரமே போய்ப் பாருங்கள்.